"ஜப்பானுக்குப் படிப்பிக்கப் போறன், அம்மா"

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. வேலை முடிந்து வந்து அப்போதுதான் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மகள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து மேசையில் வைத்தாள். இரண்டு மின்னஞ்சல்கள் திறந்து கிடந்தன. ஒன்று சிட்னி நகரத்தில் உள்ள ஒரு கணக்காய்வு நிறுவனத்தினுடையது: பட்டதாரிகளுக்கான வேலை, 2026 பெப்ரவரியில் ஆரம்பம், வருஷம் 72 ஆயிரம் டொலர். மற்றது ஜப்பான் துணைத் தூதரகத்தில் இருந்து: ஜெட் திட்டத்தில் ஆங்கில உதவி ஆசிரியராகத் தெரிவாகியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

"ஜப்பானுக்குப் படிப்பிக்கப் போறன், அம்மா" என்றாள். கேள்வி இல்லை. அறிவித்தல்.

இவர் ஹோலில் இருந்து குரல் கொடுத்தார்: "நீ போய்க் கெட்டது காணாதோ, அவளும் போகப் போறாளோ?"

பகிடிதான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் 1997இல் இதே திட்டத்தில் இதே வேலைக்குப் போனவள் நான். மூன்று வருஷம் இருந்தேன். அந்த மூன்று வருஷம் என் வாழ்க்கையில் நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. எது எவ்வளவு என்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் எனக்குச் சரியாகக் கணக்குப் பார்க்க முடியவில்லை.

இதை வாசிக்கும் பலர் என்னைப் போல இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். எங்கள் அம்மா அப்பாமாருக்கு டொக்டர், எஞ்சினியர், அக்கவுண்டன் என்ற மூன்று சொல்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டு வளர்ந்த ஆட்கள். எங்கள் பிள்ளை வந்து "ஒரு வருஷம் கொரியாவிலை இங்கிலிஷ் படிப்பிக்கப் போறன்" என்று சொல்லும்போது நாங்களும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொள்கிறோம். போன மாசம் ஹோம்புஷில் ஒரு அரங்கேற்றத்தில் மூன்று பெற்றோர் என்னிடம் இதையே கேட்டார்கள். மெல்பேர்ணில் கிளென் வேவர்லியில் இருக்கும் என் மச்சாளின் மகனும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: திரும்பி வந்தால் வேலை கிடைக்குமோ?

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜெட் திட்டம் 1987இல் ஜப்பான் அரசாங்கம் தொடங்கியது. முதல் வருஷம் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நான்கு நாடுகளில் இருந்து 848 பேர் போனார்கள். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். ஆசிரியப் பயிற்சி தேவையில்லை, ஜப்பானிய மொழியும் தேவையில்லை. ஒப்பந்தம் ஒவ்வொரு வருஷமாகத்தான். கூடினது ஐந்து வருஷம். எந்த ஊர் என்று முன்கூட்டியே விருப்பம் சொல்லலாம், ஆனால் அவர்கள் போடும் இடத்துக்குத்தான் போக வேண்டும். என்னை ஷிமானே என்ற மாகாணத்தில் ஒரு கடற்கரைச் சிற்றூரில் போட்டார்கள். மழையும் மீனும் வயது போன சனமும்தான் அங்கே. மகளுக்கும் ஒரு கிராமம்தான் கிடைத்திருக்கிறது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய சொல் "உதவி". ஜப்பானில் பள்ளிக்கூடத்தில் தனியாக வகுப்பெடுக்க அந்த நாட்டு ஆசிரியர் உரிமம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆகையால் அங்கத்தைய ஆங்கில ரீச்சர் வகுப்பை நடத்துவார், இவர்கள் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவார்கள், விளையாட்டு வைப்பார்கள், உச்சரிப்புத் திருத்துவார்கள். சில ரீச்சர்மார் முழு வகுப்பையும் தந்துவிட்டுப் பின்னால் போய் இருப்பார்கள். சிலர் ரேப் ரெக்கோடர் மாதிரி உங்களைப் பாவிப்பார்கள். எனக்கு இரண்டும் நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தது, அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் திரும்பி வந்து ரெசுமேயில் "மூன்று வருஷம் ஆசிரியர்" என்று எழுதினால், விஷயம் தெரிந்த ஆள் முதல் கேட்பது "வகுப்பு உன்னுடையதோ, வேறு ஆளுடையதோ" என்றுதான்.

காசுக் கதைக்கு வருவோம். எங்கள் காலத்தில் வரி போகக் கையில் வருஷம் 36 லட்சம் யென். அந்த நேரத்து மாற்று வீதத்தில் ஏறக்குறைய 40 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர். 1997இல் சிட்னியில் புதுப் பட்டதாரி ஒருவருக்கு அது ராசாச் சம்பளம். பிறகு 2012இல் முதல் வருஷச் சம்பளத்தை 33.6 லட்சமாகக் குறைத்தார்கள், வரியும் அதற்குள்தான். 2025 ஏப்ரலில்தான் 40.2 லட்சமாகக் கூட்டினார்கள். அந்த வருஷத்து வீதத்தில் அது ஏறக்குறைய 42 ஆயிரம் டொலர் அளவு. இருபத்தெட்டு வருஷத்தில் டொலர் கணக்கில் அசையவே இல்லை! இங்கே பட்டம் முடித்து முழுநேர வேலைக்குப் போகும் பிள்ளைக்கு 70 ஆயிரத்துக்கு மேல் சாதாரணம். அதாவது நான் போனபோது சம்பளத்துக்காகவும் போனேன். என் மகள் சம்பளத்தை இழந்துதான் போகிறாள். வருஷத்துக்கு 30 ஆயிரம் டொலர் வித்தியாசம். அதற்கு மேல் சுப்பர் 12 வீதம், 72 ஆயிரத்துக்கு 8,640 டொலர். இருபத்திரண்டு வயதில் போடும் சுப்பர் காசு நாற்பது வருஷம் வளரும் என்று கணக்காய்வு படித்த பிள்ளைக்கு நான் பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு "ஓம் அம்மா, எனக்கு அது தெரியும்" என்றாள்.

ஹெக்ஸ் கடன் பற்றிப் பலருக்கு இன்னும் பிழையான நினைப்பு இருக்கிறது. வெளிநாடு போனால் கட்டத் தேவையில்லை என்பது பழைய கதை. 2017 ஜூலையில் இருந்து வெளிநாட்டு வருமானத்தையும் வரித் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். 183 நாளுக்கு மேல் வெளியே இருக்கப் போகிறவர்கள் புறப்பட்டு ஏழு நாளுக்குள் மைகவ்வில் வெளிநாட்டு முகவரியைப் பதிய வேண்டும். ஆனால் 2025-26 வருஷத்துக்கு கட்டத் தொடங்கும் வரம்பு 67 ஆயிரம் டொலர் ஆகிவிட்டது. 42 ஆயிரம் எடுக்கிறவள் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை; அறிக்கை மட்டும் போட வேண்டும். கடன் தன் பாட்டில் ஒவ்வொரு ஜூன் 1ஆம் திகதியும் விலைவாசிக்கேற்ப ஏறும். 2025இல் அரசாங்கம் 20 வீதம் வெட்டியதால் அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஜப்பானில் பிடிக்கும் ஓய்வூதியப் பணத்தை, நாட்டை விட்டு வெளிக்கிட்டு இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதி திரும்ப எடுக்கலாம். எடுத்தால் அந்த வருஷங்கள் பிறகு இரண்டு நாட்டு ஓய்வூதிய ஒப்பந்தத்தில் கணக்கில் வராது. ஒன்றிரண்டு வருஷம் இருப்பவர்கள் எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

திரும்பி வந்த கதை

நான் 2000 ஓகஸ்ட்டில் திரும்பி வந்தேன். ஒலிம்பிக் தொடங்க ஆறு கிழமை. சிட்னியில் ஜப்பானிய மொழி தெரிந்தவனுக்கெல்லாம் வேலை. ஒரு சுற்றுலாக் கொம்பனியில் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. நவோகோ தகஹாஷி பெண்கள் மரதனில் தங்கம் வென்ற அன்று நான் கூட்டிக்கொண்டு போன வயது போன ஆட்கள் எல்லாம் தெருவில் நின்று அழுதார்கள், நானும் சேர்ந்து அழுதேன். "பார், மூன்று வருஷம் வீண் போகேல்லை" என்று அப்பாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். ஒக்டோபரில் ஒலிம்பிக் முடிந்தது. வேலையும் முடிந்தது.

அதன்பின் எட்டு மாதம். எத்தனை விண்ணப்பம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பட்டதாரித் திட்டங்களுக்குப் போட்டால், பட்டம் முடித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தகுதி இல்லை. மற்ற வேலைகளுக்குப் போட்டால், உள்நாட்டு அனுபவம் இல்லை. ஒரு வங்கியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த மனுஷன் என் தாளைப் புரட்டிவிட்டு, "மூன்று வருஷம் நல்ல ஹொலிடே போல" என்று சிரித்தார். அப்போது எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. இப்போது வரும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், எனக்கு விளங்காத மொழியில் நடக்கும் ஸ்டாஃப் கூட்டத்தில், எனக்குப் பிடிக்காத தலைமை ஆசிரியரோடு, பதினான்கு வயதுப் பிள்ளைகளை மாவட்டப் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்து இரண்டாம் இடம் எடுத்தோம் என்று சொல்லியிருக்கலாம். அன்று நான் "எக்ஸ்பீரியன்ஸ்" என்று மென்று விழுங்கினேன்.

பிழை அந்த மனுஷனில் மட்டும் இல்லை. முதலாம் வருஷ முடிவில் திரும்பியிருந்தால் பட்டதாரித் திட்டங்களின் கதவு திறந்தே இருந்தது. இரண்டாம் வருஷமும் சமாளித்திருக்கலாம். மூன்றாவது வருஷத்தை நான் முடிவெடுத்துச் செய்யவில்லை. ஜனவரியில் படிவத்தை நீட்டினார்கள், குளிராக இருந்தது, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துத்தான் எட்டு மாதமாக வீட்டுக்கு வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பட்டதாரித் திட்டங்கள் கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்களைத்தான் எடுக்கின்றன. அரசாங்க வேலையோ தனியாரோ, பிள்ளை புறப்பட முன் அந்த ஒரு வரியைத் தேடி வாசித்துவிடுங்கள்.

பிறகு நகரத்தில் ஒரு ஆங்கிலக் கல்லூரியில், வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பிக்கும் மணிக்கூலி வேலை கிடைத்தது. அதற்கும் ஜப்பான் அனுபவம் மட்டும் போதவில்லை. செல்டா செய்துகொண்டு வா என்றார்கள். செல்டா என்பது நாலைந்து கிழமை முழுநேரப் பயிற்சி, 120 மணி நேரம் பாடம், அதோடு பரிசோதகர் பின்னால் இருக்க உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் வகுப்பு. நான் மூன்று வருஷத்தில் ஜப்பானில் படிக்காததை அந்த நாலு கிழமையில் படித்தேன். இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. போக முன்னமே செய்திருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளாவது கொஞ்சம் கூட ஆங்கிலம் பழகியிருக்கும்.

மகள் பிறந்த பிறகு பகுதிநேரமாக டெசோல் முதுநிலை டிப்ளோமா செய்து, குடியேறியவர்களுக்கான ஆங்கிலத் திட்டத்துக்குள் வந்தேன். 1948இல் கப்பல்களிலும் பொனகில்லா போன்ற முகாம்களிலும் தொடங்கிய அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. ஒருவருக்கு 510 மணி நேரம் என்று இருந்த வரம்பையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். என் வகுப்பில் சூடான்காரர், ஆப்கான்காரர், சில நேரம் எங்கட ஆட்களும் இருப்பார்கள். நிரந்தர வேலை கிடைக்க எனக்கு முப்பத்தேழு வயது ஆனது. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அப்போது வீட்டுக் கடனைப் பாதி கட்டி முடித்திருந்தார்கள். அவர்களோடு என்னை ஒப்பிடக்கூடாது என்று சொல்வார்கள். ஒப்பிடாமல் இருக்க நான் என்ன முனிவரோ?

ஆனால் அந்த வகுப்பறைக்குள் போன முதல் நாள், "உனக்கு ஒன்றும் விளங்காத இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று பொய்யில்லாமல் சொல்லக்கூடியவளாக நான் இருந்தேன். அதை ஷிமானேதான் தந்தது.

அப்படியானால் யாருக்கு இது உதவும்?

என்னோடு ஒரே விமானத்தில் போன மெல்பேர்ண் பெடியன் ஒருவன் முதல் நாளில் இருந்தே மொழியைப் பிடித்தான். இரவிரவாகக் கஞ்சி எழுத்து எழுதுவான். இரண்டு வருஷத்தில் ஜப்பானிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலை, பிறகு முதலாம் நிலை. திரும்பி வந்ததும் ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனி கூப்பிட்டு எடுத்தது. எங்கள் எரிவாயுவையும் நிலக்கரியையும் இறைச்சியையும் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான். இரண்டு பக்கமும் பேசக்கூடியவனுக்கு எப்போதும் வேலை இருக்கும். அவனுடைய ரெசுமேயில் இங்கிலிஷ் படிப்பித்தது இரண்டு வரி. ஜப்பானிய மொழிதான் மிச்சம் எல்லாம்.

ஆசிரியராகும் எண்ணம் உள்ள பிள்ளைக்கும் நல்லது, ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போக வேண்டும். நியூ சவுத் வேல்ஸிலோ விக்டோரியாவிலோ பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஆசிரியப் பட்டம் வேண்டும். வேறு பட்டம் இருந்தால் அதற்கு மேல் முதுநிலை ஆசிரியக் கல்வி, லான்டைட் என்ற எழுத்தறிவு எண்ணறிவுத் தேர்வு, பிறகு பதிவு. ஐந்து வருஷம் ஜப்பானில் நின்றாலும் அதில் ஒரு படியும் குறையாது. குறையாவிட்டாலும், பிள்ளைக்குத் தனக்கு வகுப்பறை பிடிக்குமோ பிடிக்காதோ என்று தெரிந்துவிடும். முதுநிலைக்குக் காசு கட்டி, முதல் பயிற்சி வகுப்பில் அழுதுகொண்டு விட்டுவிட்டு வருவதைவிட அது மலிவு. ஜப்பானிய மொழி ஆசிரியராக வந்தால் இங்கே இடமும் உண்டு. ஜப்பான் அறக்கட்டளையின் 2021 கணக்கின்படி அவுஸ்திரேலியாவில் ஜப்பானிய மொழி படிப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல், உலகத்தில் நாலாம் இடம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆள் பிடிக்க நாங்கள் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

வெளிநாட்டு மாணவர்களுக்கான தனியார் ஆங்கிலக் கல்லூரியை நம்பிப் போவதுதான் எனக்குப் பயம். 2020 மார்ச்சில் எல்லை மூடியதும் என் பழைய கூட்டாளிகள் ஒரே கிழமையில் வேலை இல்லாமல் நின்றார்கள். திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டது. 2024 ஜூலையில் மாணவர் விசாக் கட்டணம் 710இல் இருந்து 1,600 டொலர் ஆனது, 2025 ஜூலையில் 2,000. மூன்று மாசம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளை 2,000 டொலர் விசாவுக்குக் கட்டுமோ? கல்லூரிகள் மூடுகின்றன. மணிக்கூலிக்காரர்தான் முதலில் வீட்டுக்குப் போவார்கள்.

அங்கேயும் அப்படித்தான். ஜெட் என்பது அரசாங்கத்தின் பின்னணி உள்ள வேலை. தனியார் ஆங்கிலப் பள்ளிகள் வேறு உலகம். ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளியான நோவா 2007 ஒக்டோபரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். அவர்களில் என்னோடு போன ஒருத்தியும் இருந்தாள். பத்து வருஷம் அங்கே இருந்து, முப்பத்திரண்டு வயதில் இரண்டு சூட்கேசோடு பெற்றோர் வீட்டுக்கு வந்தாள். சீனாவில் 2021 ஜூலையில் அரசாங்கம் ஒரே அறிவித்தலில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான தனியார் ரியூஷன் தொழிலையே முடக்கியது. கொரியாவில் அரசுப் பள்ளித் திட்டம் இருக்கிறது, ஆனால் அந்த விசா ஏழே ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அவுஸ்திரேலியா அதில் ஒன்று. வேறு நாட்டில் பிறந்து இடையில் இங்கே வந்த பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் இருந்து ஆங்கிலத்தில் படித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தனியார் பள்ளிகள் படம் கேட்கும். படம் ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது பற்றி ஒரு வார்த்தை. 1997இல் என் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அறிமுகக் கூட்டம். ஒரு பெடியன் எழும்பி, மிக மரியாதையாக, "அவுஸ்திரேலிய ரீச்சர் எப்ப வருவா?" என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொன்னேன். அவன் விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு மூன்று வருஷமும் என் பின்னாலேயே திரிந்தான். சின்னப் பிள்ளைகள் என் கையைத் தேய்த்து நிறம் போகிறதோ என்று பார்த்தார்கள். பெரியவர்கள் சிலர் என்னுடைய ஆங்கிலம் "உண்மையான" ஆங்கிலமோ என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டதாகப் பிறகு தெரிய வந்தது. மகளிடம் இதைச் சொன்னேன். "இப்ப அப்பிடி இல்லை, அம்மா" என்றாள். போய் மூன்றாம் கிழமை ஃபோன் எடுத்து, "ஒரு ஆள் என்னட்டை, இந்தியாவிலை எந்த இடம் எண்டு கேட்டது. பிளக்டவுன் எண்டு சொன்னன்" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர ஒரு நிமிஷம் எடுத்தது.

அப்பாவின் ஃபைல்

இனி அப்பாவின் கதை. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பித்த முதல் ஆள் நான் இல்லை, அப்பா. யாழ்ப்பாணத்தில் ஆங்கில ரீச்சராக இருந்தவர் 1978இல் நைஜீரியாவுக்குப் போனார். எண்ணெய்க் காசு கொழித்த காலம். 1976இல் எல்லாருக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்துவிட்டுப் படிப்பிக்க ஆளில்லாமல் அந்த நாடு வெளியில் இருந்து ஆசிரியர்களை எடுத்தது. சாம்பியாவுக்கும் எதியோப்பியாவுக்கும் கூட எங்கட வாத்திமார் எத்தனையோ பேர் போனார்கள். ஒரு நைரா ஒரு அமெரிக்க டொலரை விடப் பெறுமதியாக இருந்த நேரம் அது. எங்களையும் கூப்பிட்டார். வட நைஜீரியாவில் பௌச்சி என்ற இடத்தில் செம்மண் புழுதிக்குள் நான் ஐந்து வருஷம் வளர்ந்தேன். 1985இல் வெளிக்கிட்டோம், அடுத்த வருஷம் நைரா தலைகுப்புற விழுந்தது. 1987இல் மாமா சிட்னிக்குக் கூப்பிட்டார்.

இங்கே வந்து அப்பா ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். ஊரிலும் நைஜீரியாவிலுமாகப் பதினைந்து வருஷ அனுபவம். நைஜீரியாவில் படிப்பித்ததற்குச் சேவைக் கடிதம் இருக்கிறதோ என்று கேட்டார்கள். அவசரமாக வெளிக்கிட்டதில் அதை எடுக்கவில்லை. இங்கிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எட்டுக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. முதலில் இருந்து படித்துவிட்டு வா என்றார்கள். மூன்று பிள்ளைகளோடு அவர் என்ன படிப்பது? இரவு ஷிஃப்டில் கடிதம் பிரிக்கும் வேலைக்குப் போய் அதிலேயே ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டில் ஆங்கில இலக்கணம் பற்றி ஒரு சொல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்றைக்கும் இலங்கையிலோ இந்தியாவிலோ பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் திறன் விசாவில் இங்கே வர நினைத்தால் ஐஈஎல்டிஎஸ் தேர்வில் பேசுவதற்கும் கேட்பதற்கும் 8, வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் 7 எடுக்க வேண்டும். இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகியவற்றில் படித்திருந்தால் அந்தத் தேர்வு தேவையில்லை.

மே மாதம் துங்காபியில் அப்பா வீட்டில் சாப்பாடு. மகள் தன் முடிவைச் சொன்னாள். அப்பாவுக்கு எண்பத்தொன்று, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன ட்ரெயினிங் எடுத்தனி?" என்று கேட்டார்.

"ஒண்டும் தேவையில்லை, அம்மப்பா. டிக்ரியும் பாஸ்போர்ட்டும் காணும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். "எனக்குப் பதினைஞ்சு வருஷம் காணாது எண்டாங்கள். உனக்குப் பாஸ்போர்ட் காணுமாம்" என்றார். கோபம் இல்லை. ஆனால் அம்மா எழும்பி உள்ளே போய்விட்டா.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மகளைக் கூப்பிட்டார். அறைக்குள் இருந்து ஒரு பழைய நீல நிற ஃபைலை எடுத்து வந்தார். அதற்குள் அவர் நைஜீரியாவுக்குப் போட்ட எட்டுக் கடிதத்தின் கார்பன் பிரதிகள் இருந்தன. எனக்கே அது தெரியாது. "திரும்பி வரேக்கை பள்ளிக்கூடத்திட்டைக் கடிதம் எடு. என்ன வேலை, எத்தினை மணித்தியாலம், எந்தத் திகதியிலை இருந்து எந்தத் திகதி வரைக்கும். கையெழுத்து, முத்திரை. அங்கை நிக்கேக்கையே எடு. வந்தாப் பிறகு ஒருத்தனும் தரான்" என்றார்.

நான் இவ்வளவு நேரம் உங்களுக்கு எழுதியதில் இதைவிடப் பெறுமதியான அறிவுரை இல்லை. அதோடு பொலிஸ் அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியராகவோ அரசாங்க வேலைக்கோ பதியும்போது, வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவர்களிடம் அந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். ஜப்பானில் அதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அங்கே இருக்கும்போது எடுப்பது சுலபம்.

மகள் அந்தக் கணக்காய்வு நிறுவனத்தோடு நேரடியாகப் பேசினாள். நான் கேட்டுப்பார் என்று சொன்னேன், தருவார்கள் என்று நம்பவில்லை. ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சம்மதித்தார்கள், 2027 பெப்ரவரிக்கு. எழுத்தில் தந்தார்கள். ஒரு வருஷம்தான், அதற்கு மேல் இல்லை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. ஜூன் மாதம் பரீட்சை முடிந்த கையோடு செல்டாவும் தொடங்கினாள். அதற்கு நான்தான் காசு கட்டினேன். ஜூலைக் கடைசியில் விமானம் ஏறினாள்.

இப்போது டிசம்பர். அங்கே பனி கொட்டுகிறது. வகுப்பில் ஒரு ரீச்சர் இவளிடம் வகுப்பை முழுதாக விட்டுவிடுகிறாராம், இன்னொருவர் வாசிக்க மட்டும் விடுகிறாராம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டபோது மேசையில் ஒரு தாள் கிடந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷமும் நிற்கிறாயோ என்று கேட்கும் படிவம். ஜனவரி முடிய முன் கொடுக்க வேண்டும்.

"நிக்கலாம் எண்டு யோசிக்கிறன்" என்றாள். "மூண்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கு வாற வருஷம் ஹைஸ்கூல் எக்ஸாம்..."

கணக்காய்வு வேலையை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முழு வாயையும் மூடிக்கொண்டு இருந்தேன். 1999 ஜனவரியில் நான் போட்ட அந்தக் கையெழுத்தைப் பற்றி அவளுக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று. நிற்கிறதென்றால் ஏன் நிற்கிறாய் என்று ஒரு பக்கம் எழுதிப் பார், எழுத வராவிட்டால் வா என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த அப்பா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார். "கடிதம் எடுத்திட்டியோ?"

"அம்மப்பா, நான் வந்து அஞ்சு மாசம்தான்."

"அப்ப அஞ்சு மாசத்துக்கு எடு" என்றார்.